எக்கிப் போட்ட தாழ்

ஜனவரி 12

அன்புள்ள சித்தப்பா, சித்தி இருவருக்கும்,

வணக்கம். இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? கண் அறுவைக்குப் பிறகு சித்திக்குப் பார்வை தெளிந்துவிட்டதா, ஊசியில் நூல் கோர்க்க முடிகிறதா?

போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை. நான் கத்திப் பேசினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏதோ குடும்பச் சண்டை என்று எட்டிப் பார்க்கிறார்கள். காலம் முழுக்கக் கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்த்த மனிதரிடம் கடிதத்தில் பேசுவதுதான் மரியாதை என்று பேனாவை எடுத்துவிட்டேன்.

அப்பா போனபிறகு தனியாக இருந்த அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். அவள் வந்ததிலிருந்து எனக்கு நம் பழைய வீட்டு ஞாபகமாகவே இருக்கிறது. அந்தப் புறநகரில் அப்போது பாதி வீடுகள் செங்கல் தெரிய நிற்கும். முதலில் ஓர் அறை, கொஞ்சம் வசதி வந்தால் இன்னோர் அறை, பிள்ளைகள் வளர்ந்தால் மாடி என்று வீடுகளும் எங்களோடு சேர்ந்து வளர்ந்தன. காலி மனைகளில் எல்லைக்கல்லைத் தவிர ஒன்றும் இருக்காது. அங்கேதான் விளையாடுவோம். பேருந்து எங்கள் தெருமுனை வரை வந்து, அலுத்துப்போய்த் திரும்பிவிடும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புதுச் சுவருக்குக் குழாயில் தண்ணீர் அடிப்பது என் வேலை. அப்பா காதில் பச்சைப் பென்சிலைச் செருகிக்கொண்டு, "சுவரு குடிக்கிற வரைக்கும் ஊத்து" என்பார். வீட்டுக்குப் பின்னால் சரக்கு ரயில் போனால் அலமாரியில் பாத்திரமெல்லாம் பேச ஆரம்பிக்கும்.

ஒரு சின்ன விஷயம் கேட்கவேண்டும். மாடி அறையிலிருந்து பால்கனிக்குப் போகும் கதவு பழைய கதவுதானா, மாற்றிவிட்டீர்களா? அதன் தாழ்ப்பாள் எந்த இடத்தில் இருக்கிறது, எப்படிப் போடுவது? சும்மாதான் கேட்கிறேன்.

அம்மாவுக்கு ஒரு பழக்கம். படுக்கப் போகுமுன் நான் வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தால், அவள் பின்னாலேயே எழுந்து போய் அதைத் தொட்டு, அழுத்திப் பார்த்துவிட்டு வருவாள். ஊரில் உள்ள லிஃப்ட் கதவுகளையெல்லாம் சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் உத்தியோகம். என் வீட்டுக் கதவுக்கு மட்டும் என் கையெழுத்து செல்லுபடியாகவில்லை.

பதில் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்


பிப்ரவரி 2

அன்பு மகளுக்கு,

ஆசிகள். முழங்கால் தன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு நடக்கிறேன். சித்திக்குப் பார்வை நன்றாகவே தெரிகிறது. அதனால் என் சட்டையில் உள்ள கறைகளும் தெரிகின்றன, வீட்டில் நிம்மதி போய்விட்டது. அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் கடிதத்தைச் சித்தியிடம் வாசித்துக் காட்டினேன். சுவருக்குத் தண்ணீர் அடித்த கதையைக் கேட்டுச் சிரித்தவள், கதவு விஷயம் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "கதவு எப்படித் தொறக்கும்னு கேக்கறவங்க ஒண்ணு திருட வருவாங்க, இல்லன்னா பங்கு கேக்க வருவாங்க" என்றாள். நான் அவளை அதட்டினேன். ஆனாலும் மகளே, சும்மா கேட்பவர்கள் 'சும்மாதான் கேட்கிறேன்' என்று எழுதுவதில்லை.

கேட்டதற்குப் பதில்: கதவு பழைய கதவுதான். அண்ணன் வைத்த கதவு. நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போட்ட கை அல்லவா, இத்தனை வருஷத்தில் ஓரிடத்தில்கூட இழுத்துக்கொள்ளவில்லை. அவர் கோடு போட்டால் கோடுதான். தாழ்ப்பாள் கதவின் அடிப்பாகத்தில் இருக்கிறது. நீளக் கம்பி. குனிந்து கம்பியை இறக்கினால் தரையில் இருக்கும் குழிக்குள் போய் உட்காரும். பால்கனி நான் இந்த வீட்டுக்கு வந்தபிறகு கட்டியது. அதற்கு முன்பு அந்தக் கதவுக்கு வெளியே என்ன இருந்தது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

அண்ணன் இந்த வீட்டை முழு மனதோடு எனக்குக் கொடுத்தார். பத்திரம் என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. சும்மாதான் சொல்கிறேன்.

ஆசிகளுடன்,
சித்தப்பா


பிப்ரவரி 19

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். அம்மாவுக்கு லேசாகச் சளி, மற்றபடி இருவரும் நலம். சித்தியின் கண்ணுக்கு நீங்கள் தப்பிப் பிழைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எனக்கு வீட்டில் பங்கு வேண்டாம். செங்கல்லில் ஒன்றுகூட வேண்டாம். இதை எழுத்தில் தருகிறேன், உங்கள் பத்திரத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். சித்தியிடமும் காட்டுங்கள். இப்படி ஒரு வரி எழுதவேண்டி வந்ததே எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஆனால் தாழ்ப்பாள் விஷயத்தில் நீங்கள் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தக் கதவுக்கு நான் குனிந்ததே இல்லை. குதிகாலைத் தூக்கி எக்கி, கம்பியை மேலே தள்ளுவேன். அது மேல் சட்டத்துக்குள் போகும்போது ஒரு சத்தம் வரும். என் கைக்கு அது இன்னும் ஞாபகம் இருக்கிறது. நீங்கள் வந்தபிறகு யாரையாவது வைத்து மாற்றினீர்களா? மறந்திருக்கலாம், யோசித்துச் சொல்லுங்கள்.

பக்கத்து மனையில் முதலில் வீடு கட்டிய தையல்காரர் அங்கேயே இருக்கிறாரா? எங்கள் வீட்டு மாடி எழும்பியபோது அவருக்குப் பொறுக்கவில்லை, மறு மாதமே அவரும் மாடிக்குச் செங்கல் இறக்கினார். அப்பாவும் அவரும் சுவருக்கு மேலாகத் தலையை நீட்டி யார் சுவர் நேர் என்று பார்த்துக்கொள்வார்கள். அப்பா எந்த வேலைக்கும் ஆள் வைக்கமாட்டார். ஜன்னல், கொக்கி, தாழ்ப்பாள் எல்லாம் தன் கையாலேயே பொருத்துவார்.

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன் மகள்


மார்ச் 8

மகளுக்கு,

ஆசிகள். நாங்கள் நலம். அண்ணிக்குச் சளி விட்டதா?

தையல்காரர் வீட்டை மகனிடம் விட்டுவிட்டு மகளோடு போய்விட்டார். அவர் சுவர்தான் கோணல், நான் அளந்து பார்த்திருக்கிறேன்.

தாழ்ப்பாளை நான் மாற்றவில்லை. மறக்கவும் இல்லை. நான் கப்பலை விட்டு இறங்கி, பெட்டியோடு இந்த வீட்டுக்குள் நுழைந்த அன்றே அது கீழேதான் இருந்தது. எஞ்சின் அறைக்காரனுக்குக் காது போகலாம், எந்த ஆணி எங்கே இருக்கிறது என்பது போகாது. நீ எக்கிப் போட்டதாகச் சொல்வது வேறு ஏதோ கதவாக இருக்கும். சின்ன வயசு ஞாபகம் என்பது அப்படித்தான், நாலு கதவைச் சேர்த்து ஒரு கதவாக்கிவிடும்.

நீ எழுத்தில் கொடுத்த வரியைத் தெருக்கோடியில் இருக்கும் பழைய வக்கீலிடம் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, "யாருமே கேக்காதப்ப ஒருத்தர் பங்கு வேணாம்னு எழுதிக் குடுத்தா, அப்பத்தான் உஷாரா இருக்கணும்" என்றார். அவருக்கு வேறு வேலையில்லை என்று வைத்துக்கொண்டாலும், அன்றிலிருந்து எனக்கு ஒன்றும் சரியாக இல்லை. போன வாரம் மின்சார மீட்டர் பார்க்க வந்தவரிடம்கூட "யாரு அனுப்புனா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சித்தியைப் பார்த்து, இவருக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

உனக்கும் எனக்கும் நடுவில் இந்த நூல் விட்டுப் பார்க்கும் வேலை வேண்டாம். கதவைக் கேட்டாய், தாழ்ப்பாளைக் கேட்டாய், மாற்றினீர்களா என்று குறுக்கு விசாரணை செய்கிறாய். உனக்கு என்னதான் வேண்டும்? நேராகக் கேள்.

சித்தப்பா


மார்ச் 21

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். அம்மாவின் சளி போய்விட்டது. அவள் உள்ளே தூங்கும் நேரம் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நேராகவே சொல்கிறேன். தம்பியைப் பற்றித்தான்.

நீங்கள் அவனைப் பார்த்ததே இல்லை. போட்டோவை மட்டும் கப்பலுக்கு அனுப்பினோம். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அவன் மாடிப்படியில் தவழ்ந்து ஏறப் பழகியிருந்தான், எங்கே பார்த்தாலும் ஏறினான். அப்பா மாடி அறையைக் கட்டி, பால்கனிக்கான கதவையும் முன்கூட்டியே வைத்துவிட்டார். பால்கனி அடுத்த வருஷம் என்றார். கதவைத் திறந்தால் கால் வைக்க இடம் கிடையாது. கீழே ஜல்லிக் குவியல்.

காற்றுக்காக அதைத் திறந்து வைத்துக்கொண்டு நான் பாடம் படிப்பேன். இறங்கி வரும்போது தாழ் போட்டுவிட்டு வரவேண்டும், அது என் பொறுப்பு. அன்றும் போட்டேன். போட்டுவிட்டு, கீழே வந்து சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். குழாய்ச் சத்தத்தில் அவன் விழுந்ததுகூட எனக்குக் கேட்கவில்லை.

தெருவே கூடிவிட்டது. அப்பா என்னைப் பார்த்து, "கதவைத் தாழ் போட்டியா?" என்று கேட்டார். ஒரே ஒரு முறை. நான் வாயைத் திறப்பதற்குள் யாரோ அவரைத் தாங்கி அழைத்துப் போய்விட்டார்கள். என் பதிலை இன்றுவரை யாரும் என்னிடம் கேட்டு வாங்கவில்லை. யாரும் என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பிச் சொல்லியிருப்பேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தக் கதவையும் என்னை மூடச் சொன்னதில்லை, அவ்வளவுதான். இப்போதும் அம்மா என் பின்னால் எழுந்து வந்து தாழைத் தொட்டுப் பார்க்கும்போது, நான் அந்த ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்தில் குழாயோடு நிற்கிறேன்.

என்னிடம் இருக்கும் ஒரே சாட்சி என் கை. எக்கியதும், கம்பி மேலே ஏறியதும் என் கைக்குத் தெரியும். ஆனால் தாழ் கீழே என்கிறீர்கள். அம்மாவிடம் ஒருமுறை துணிந்து கேட்டேன். "கீழதானே இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அப்படியென்றால் என் கை பொய் சொல்கிறது. கை பொய் சொல்கிறது என்றால் அன்றைக்கு நான் தாழே போடவில்லை. எனக்கு அது தெரிந்தாகவேண்டும் சித்தப்பா. அம்மா இருக்கும்போதே தெரியவேண்டும்.

கதவின் மேல்பாகத்தில் பெயிண்டைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். மேல் சட்டத்தில் துளை இருந்த அடையாளம் ஏதாவது தெரிகிறதா என்று மட்டும் சொல்லுங்கள். வீடு உங்களுடையது, எனக்கு அந்த ஒரு சாண் இடம் போதும்.

அன்புடன்,
அண்ணன் மகள்


மே 4

என் அன்பு மகளுக்கு,

பல்லாயிரம் ஆசிகள். நீ நலமா? உடம்பை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாயா? லிஃப்ட் கூண்டுக்குள் இறங்கி ஏறும் வேலை, ஜாக்கிரதையாக இரு. அண்ணியின் உடம்பு எப்படி இருக்கிறது? இருவரும் ஒருமுறை இங்கே வந்து தங்கிவிட்டுப் போகலாமே. பால்கனியில் உட்கார்ந்து டீ குடித்தால் ரயில் பாதைக்கு அப்பால் புதிதாக வந்திருக்கும் வீடுகளெல்லாம் தெரியும்.

பதில் போடத் தாமதமாகிவிட்டது, முழங்கால்தான் காரணம். நீ கேட்டபடி கதவைப் பார்த்தேன். மேலே ஒன்றும் இல்லை, வெறும் பலகை. சட்டத்திலும் ஒன்றும் இல்லை.

குழந்தை வயசில் நடந்ததை இப்போது தோண்டி எடுத்து என்ன ஆகப்போகிறது? நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. யாருமே செய்யவில்லை. எல்லாம் நேரம். உன்னை நான் சந்தேகப்பட்டு ஏதேதோ எழுதினேன், அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன் நலம் நாடும்,
சித்தப்பா


மே 13

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலம்தான் என்று கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது, ஏனென்றால் இவ்வளவு இனிப்பாக நீங்கள் எழுதி நான் பார்த்ததில்லை. என் உடம்பைத் திரும்பத் திரும்ப விசாரித்திருக்கிறீர்கள். பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, வக்கீல் இல்லை, சித்தி சொன்னதாக ஒன்றும் இல்லை. தையல்காரர் சுவர் கோணல் என்று ஒரு வரிகூட இல்லை.

பெயிண்டைச் சுரண்டினீர்களா என்று கேட்டிருந்தேன். 'பார்த்தேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த ஆணி எங்கே இருக்கிறது என்று பக்கம் பக்கமாகச் சொல்லக்கூடிய மனிதர், 'வெறும் பலகை' என்று இரண்டு சொல்லில் பூசி மெழுகிவிட்டார்.

என்ன பார்த்தீர்கள் சித்தப்பா?

அண்ணன் மகள்


மே 25

அன்புள்ள மகளுக்குச் சித்தி எழுதுவது,

நீயும் அக்காவும் நன்றாக இருக்கவேண்டும். நான் கடிதம் எழுதி வெகு காலம் ஆகிறது, கையெழுத்து எறும்பு ஊர்ந்தது போல இருந்தால் பொறுத்துக்கொள். உன் சித்தப்பா பதில் எழுத உட்காருகிறார், கிழிக்கிறார், மறுபடி உட்காருகிறார். இனி இவர் எழுதமாட்டார் என்று தெரிந்துதான் நான் எழுதுகிறேன். அவருக்குத் தெரியாது.

முதலில் உன்மேல் சந்தேகப்பட்டவள் நான்தான். அதற்காக வருத்தப்படுகிறேன். உன் மார்ச் மாதக் கடிதம் வந்தபிறகு என் சந்தேகமெல்லாம் இவர்மேல் திரும்பிவிட்டது. நான் கடைக்குப் போகும் நேரம் பார்த்து மாடிக்குப் போனார். கேட்டால், "கீலுக்கு எண்ணெய் விடறேன்" என்றார். எண்ணெய்க் குப்பி கீழே அலமாரியிலேயே இருந்தது. ஒருநாள் பாதி வழியில் திரும்பி வந்து, சத்தம் போடாமல் மாடி ஏறினேன்.

கதவின் மேல்பாகத்தில் பெயிண்டையெல்லாம் சுரண்டி வைத்திருந்தார். கீழே இருந்த தாழ்ப்பாளைக் கழற்றி மேலே பொருத்தியிருந்தார். கம்பியை மேலே தள்ளிவிட்டு, எதிரே நாற்காலி போட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னங்க பண்றீங்க?" என்றேன். "பேசாம இரு, வண்டி வருது" என்றார்.

சரக்கு ரயில் போயிற்று. வீடு வழக்கம்போல அதிர்ந்தது. பாதி ரயில் போவதற்குள் கம்பி தானாக இறங்கி டக்கென்று நின்றது. கதவு மெதுவாகத் திறந்துகொண்டது. யாரும் அதைத் தொடவில்லை மகளே, நான் என் கண்ணால் பார்த்தேன். அடுத்த ரயிலுக்கும் அப்படியே ஆயிற்று. அதற்குப் பிறகு அவர் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து அழுதார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"இதை அந்தப் பொண்ணுக்கு எழுதுங்க" என்றேன். "எங்கண்ணன் செத்தாச்சு, அவரு பேரையும் சாகடிக்கவா?" என்றார். உயிரோடு இருக்கிற பெண்ணை என்ன செய்வது என்று கேட்டேன், சுரண்டிப் போட்ட பெயிண்டைக் கூட்ட ஆரம்பித்தார். அதற்குப் பிறகுதான் உனக்கு அந்த இனிப்புக் கடிதம் வந்தது.

அக்காவைக் கவனமாகப் பார்த்துக்கொள்.

சித்தி


ஜூன் 9

மகளுக்கு,

சித்தி எழுதிவிட்டதாக என்னிடம் சொல்லிவிட்டாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினேன். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

பொய் எழுதியவன் நான். அதனால் இப்போது பொறுமையாக, ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

நீளத் தாழ்ப்பாளில் ஒரு வகை கதவின் அடியில் வைப்பதற்கென்றே செய்வது. திறந்து வைக்க, கம்பியைத் தூக்கி ஒரு வெட்டில் மாட்டவேண்டும். பூட்டும்போது எதிலும் மாட்டத் தேவையில்லை, கம்பி தன் கனத்திலேயே தரைக் குழிக்குள் இறங்கி நிற்கும். அதைத் தலைகீழாக்கிக் கதவின் மேலே வைத்தால், மேலே தள்ளிய கம்பியைப் பிடித்துவைக்க எதுவுமே கிடையாது. உரசலில் கொஞ்ச நேரம் நிற்கும். ஓர் அதிர்வு வந்தால் இறங்கிவிடும். அண்ணன் அப்படித்தான் வைத்திருக்கிறார். உன் தம்பிக்கு எட்டக்கூடாது என்றுதான் மேலே வைத்திருப்பார், வேறு என்ன. அவர் வரைபடக்காரர். காகிதத்தில் தாழ்ப்பாளுக்குக் கனம் கிடையாது, மேலே போட்டாலும் கீழே போட்டாலும் ஒரே கோடுதான்.

பெயிண்டுக்கு அடியில் பழைய திருகாணித் துளைகள் இருந்தன. கீழே இருந்த தாழ்ப்பாளை எடுத்து வைத்தேன், ஒவ்வொரு துளையும் பொருந்தியது. மேல் சட்டத்தில் கம்பி போகும் ஓட்டையும் இருந்தது, அடைத்துப் பூசியிருந்தது. நீ எக்கித்தான் போட்டிருக்கிறாய். அன்றைக்குப் போட்டாயா என்று மரம் சொல்லாது. ஆனால் உன் கை பொய் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டது. எனக்கு அது போதும். நீ போட்டாய்.

இனிமேல் எழுதுவதுதான் கஷ்டம். அந்தத் துளைகளை அடைத்திருந்தது மெழுகோ மரச்சீவலோ இல்லை. பச்சைப் பென்சில் துண்டுகள். உள்ளே செருகி, மேலே சமமாக வெட்டிவிட்டு, பெயிண்ட் அடித்திருக்கிறது. அந்தப் பென்சில் யார் காதில் இருந்தது என்று உன் முதல் கடிதத்திலேயே நீ எழுதியிருந்தாய். அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது மகளே. தெரிந்து, தாழ்ப்பாளை மாற்றி, அடையாளத்தை அழித்துவிட்டு, உன்னிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறார். நான் அண்ணனைத் தெய்வமாக வைத்திருந்தவன். அவரை எனக்கு இன்னும் திட்டத் தெரியவில்லை. நீ திட்டிக்கொள்.

ஒரு பென்சில் துண்டை இதோடு அனுப்புகிறேன். அண்ணியிடம் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உன் இஷ்டம். இந்த வயசில் அந்த மனுஷி தாங்குவாளா என்று மட்டும் யோசித்துக்கொள்.

வீட்டில் உனக்குப் பங்கு வேண்டுமென்றால் கேள். வக்கீலிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

சித்தப்பா


ஜூன் 30

அன்புள்ள சித்தப்பா, சித்தி இருவருக்கும்,

வணக்கம். நாங்கள் இருவரும் உடம்பால் நலம். சித்தி, உங்கள் கையெழுத்து எறும்பு ஊர்ந்தது போல இல்லை. அதை எத்தனையோ முறை எடுத்து வாசித்துவிட்டேன்.

பென்சில் துண்டைப் பல நாள் கைப்பையிலேயே வைத்திருந்தேன். அம்மா தாங்குவாளா என்ற உங்கள் கேள்வி என்னையும் பிடித்துக்கொண்டது. போன ஞாயிறு பகலில், அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது, ஒன்றும் சொல்லாமல் அவள் உள்ளங்கையில் வைத்தேன். ஏதோ குப்பை என்று உதறுவாள் என்று நினைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதை யாரு புடுங்குனா?" என்றாள்.

கவனித்தீர்களா சித்தப்பா? எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை. யார் பிடுங்கியது என்று கேட்டாள்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"அவரு கழட்டி மாட்டுனப்ப, ஸ்டூலைப் பிடிச்சிட்டு நின்னது நான்தான். அவரு ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல."

"அப்ப அது கீழதான் இருந்துச்சுன்னு என்கிட்ட ஏன் சொன்ன?"

பென்சிலையே தேய்த்துக்கொண்டிருந்தாள். தினமும் நான் போட்ட தாழை எழுந்து வந்து தொட்டுப் பார்க்கிறாயே, அது ஏன் என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கட்டாயம் எட்டிப் பார்த்திருப்பார்கள்.

"உன்னையா சந்தேகப்பட்டேன்?" என்றாள். அவள் முகத்தில் உண்மையாகவே ஆச்சரியம். "தாழைத்தான் சந்தேகப்பட்டேன். எந்தத் தாழும் போட்டா நிக்கும்னு அதுக்கப்புறம் எனக்கு நம்பிக்கையே வரல."

"அதைச் சொல்லியிருக்கலாம்ல? இத்தனை வருஷமா!"

"சொன்னா அவரு உயிரோட இருந்திருக்க மாட்டாரு. ஒருத்தன் போயிட்டான். இன்னொருத்தரையும் விட எனக்குத் தைரியமில்ல. நீ சின்னவ, மறந்துடுவேன்னு நினைச்சேன்."

எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது. அப்பாவைக் காப்பாற்ற என்னைக் கொடுத்துவிட்டார்கள், கொடுத்தது எனக்கே தெரியாது என்று அம்மா வேறு நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எழுந்து வெளியே போய், கால் போன போக்கில் நடந்துவிட்டு வந்தேன். அடுத்த சில நாட்கள் சாப்பிட வா, மருந்து போட்டாயா என்பதற்கு மேல் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அந்த நாட்களில் அவள் தாழைத் தொட்டுப் பார்க்க எழுந்து வரவும் இல்லை. வராததும் எனக்குப் பிடிக்கவில்லை.

சித்தப்பா, பங்கெல்லாம் வேண்டாம். அந்தத் தாழ்ப்பாளைக் கீழேயே பொருத்திவிடுங்கள். துளைகளை அடைக்கவேண்டாம், பெயிண்டும் அடிக்கவேண்டாம், அப்படியே தெரியட்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம். மழை நின்றபிறகு அம்மாவை அழைத்துக்கொண்டு வருகிறேன். பால்கனியில் உட்கார்ந்து டீ குடிக்கிறோம்.

நேற்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். வழக்கம்போல வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டுத் திரும்பினேன். அம்மா பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தாள். தாழைத் தொடவில்லை.

"கதவைத் தாழ் போட்டியா?" என்றாள்.

கேட்டுவிட்டு நகரவில்லை. என் முகத்தைப் பார்த்தபடி, பதில் வரும்வரை நின்றாள்.

"போட்டேம்மா" என்றேன். "அன்னிக்கும் போட்டேன்."

"ம்" என்றாள். என் கையை ஒருமுறை பிடித்துவிட்டு, போய்ப் படுத்துக்கொண்டாள்.

முழங்காலுக்குத் தைலம் போட மறக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்